பூஜ்யமாவது படுக்கை

ஏப்ரல் 4, செவ்வாய்

படித்ததை அன்றன்றைக்கே எழுதி வைக்க வேண்டும் என்று இவர் உத்தரவு போட்டுவிட்டார். அதுவும், ஒன்றும் தெரியாத ஆளுக்குச் சொல்வதுபோல் எழுத வேண்டுமாம். அப்போதுதான் மண்டையில் ஏறுமாம். மருந்துக் கடையில் இலவசமாகக் கொடுத்த டைரி சும்மாதான் கிடந்தது. சரி, எழுதுகிறேன். படித்ததை மட்டும்தான் எழுதுவேன் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

ஒன்றும் தெரியாத ஆளே, கேட்டுக்கொள். என் பெயர் இசக்கியம்மாள். பி.ஏ. வரலாறு, டைப்ரைட்டிங் லோயர். வீட்டுக்காரர் வெயிலுமுத்து மேலப்பாளையத்தில் மைதீன் சாருடைய கம்ப்யூட்டர் சென்டரில் சி மொழி சொல்லிக்கொடுக்கிறவர். பொங்கல் கழிந்து வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோதே கீழே விழுந்தார். இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை என்றார்கள். இப்போது செவ்வாய், வியாழன், சனி காலையில் அரசு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். ஒரு முறைக்கு நாலு மணி நேரம். அந்த நேரத்தில் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து நான் சி படிக்கிறேன். ஏனென்றால் ஜூனில் புது பேட்ச் ஆரம்பிக்கிறது. அதற்குள் நான் கற்றுக்கொண்டால் வேலையை எனக்கே தருவதாக மைதீன் சார் சொல்லியிருக்கிறார். இல்லையென்றால் வேறு ஆள். வேறு ஆள் வந்துவிட்டால் நானும் எங்கள் கோமதியும் என்ன செய்வது என்பது இவருடைய கவலை. அவள் மூன்றாம் வகுப்பு முடித்திருக்கிறாள்.

இன்றைக்குப் பாடம், அரே. இது வரும்போதுதான் பாதிப் பேர் சென்டரை விட்டு நின்றுவிடுவார்களாம்.

இவர் சுற்றிக் காட்டினார். “இந்த ரூம்ல எட்டு படுக்கை இருக்கு. எல்லாம் ஒரே மாதிரி, ஒரே வரிசை. ஆளுக்கு ஆளு தனித்தனிப் பேரு வைக்காம, படுக்கைன்னு ஒரே பேரு வச்சு நம்பர் போட்டுக் கூப்பிடுதோம்லா? அம்புட்டுதான் அரே.”

அது புரிந்தது. ஆனால் கம்ப்யூட்டரில் முதல் படுக்கைக்கு நம்பர் பூஜ்யமாம். சுவரில் கறுப்புப் பெயிண்டில் ஒன்று என்று எழுதியிருக்கிறது. அதன் கீழேதான் இவர் படுத்திருக்கிறார். அப்புறம் என்ன பூஜ்யம்?

“அது எண்ணிக்கை இல்ல, இசக்கி. கதவுல இருந்து எத்தனை பேரைத் தாண்டிப் போகணும்ங்கிற கணக்கு. என்கிட்ட வாரதுக்கு நீ யாரைத் தாண்டணும்?”

“யாரையும் தாண்ட வேண்டாம்.”

“அதான் பூஜ்யம்.”

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் கட்டின புருஷனைப் பூஜ்யம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

ஏப்ரல் 6, வியாழன்

உருளைக்கிழங்கை நறுக்கி ஊறப்போட்டு, தண்ணீரைக் கொட்டி, மறுபடி வேகவைத்து, அந்தத் தண்ணீரையும் கொட்டி, பிறகுதான் இவருக்குச் சமைக்க வேண்டும். அதன்பிறகு அதில் கிழங்கு ருசி எதுவும் இருக்காது. பாவம், நன்றாக இருக்கிறது என்று சாப்பிட்டார்.

ஏப்ரல் 8, சனி

நானாகவே ஒரு புரோகிராம் எழுதினேன். காலை ஷிஃப்டில் இருக்கும் எட்டுப் பேர் பெயரையும் அரேயில் போட்டு, வரிசையாகத் திரையில் வரச் சொல்ல வேண்டும். கதவை ஒட்டி இவர். அடுத்து மாடசாமி அண்ணாச்சி, பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். வாய் ஓயாது. ஐந்தாவது படுக்கையில் புஷ்பம் டீச்சர். மற்றவர்களும்.

ஓடவிட்டேன். ஏழு பெயர்தான் வந்தது. மேலே அண்ணாச்சி இருந்தார். இவர் பெயர் இல்லை.

நான் லேப்டாப்பை மூடிவிட்டேன்.

“ஒன்னுல இருந்து ஆரம்பிச்சிருப்ப. பூஜ்யத்தை விட்டுட்ட. எல்லாரும் மொத தடவ இதைத்தான் செய்வாங்க” என்று இவர் சிரித்தார். “பாத்தீங்களா அண்ணாச்சி, என்னைய லிஸ்ட்லயே சேக்கல.”

அண்ணாச்சியும் சிரித்தார். “ஏ தாயி, டிக்கெட்டு போடாம வண்டியில இருந்து எறக்கிவிட்டுட்டியே.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வராந்தாவில் பினாயில் நெடி அதிகம். கண் எரிந்தது. முகம் கழுவிவிட்டு வந்து ஒன்றை அழித்துப் பூஜ்யம் போட்டேன். எட்டுப் பேரும் வந்தார்கள். வரும்போது பஸ் ஸ்டாண்ட் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் விடலை போட்டேன். இவரிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 13, வியாழன்

புஷ்பம் டீச்சர் படுக்கையில் வேறொருவர் படுத்திருந்தார். களக்காட்டுப் பக்கம், வாழைத் தோட்டக்காரர். டீச்சர் எங்கே என்று ரெஜினா சிஸ்டரிடம் கேட்டேன்.

“மத்தியான ஷிஃப்டுக்கு மாறிட்டாவ” என்றார், ஊசியைப் பார்த்துக்கொண்டே.

ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டார்களே என்று எனக்கு வருத்தம். போன வாரம் என் பிளாஸ்கின் மூடி உடைந்ததைப் பார்த்து, டீச்சர் தன்னுடைய மூடியைக் கழற்றித் தந்திருந்தார். திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒருநாள் மத்தியானம் போய்க் கொடுத்துவிட்டு வரலாம்.

இவர் ஒரு சட்டம் போட்டிருக்கிறார். படுக்கையில் ஆள் மாறினால் அன்றைக்கே புரோகிராமில் பெயரை மாற்றிவிட வேண்டும். “இல்லேன்னா புரோகிராம் பொய் சொல்லும். ஓடும், ஆனா பொய் சொல்லும். அதான் ரொம்ப மோசம்.” மாற்றுவது எளிதுதான். நாலாம் நம்பரில் புதுப் பெயரை வைத்தால் போதும். ஐந்தாவது படுக்கைக்கு நாலாம் நம்பர். எனக்கு இப்போது அது பழகிவிட்டது.

“பழைய பேரு எங்க போகும்?” என்று கேட்டேன்.

“போயிரும். திரும்பக் கேட்டாக் கிடைக்காது. வேணும்னா முன்கூட்டியே வேற ஒரு எடத்துல எடுத்து வச்சிருக்கணும்.”

வீட்டுக்கு வந்து அதை டம்ளரில் செய்து காட்டினார். ஒன்றில் மோர், ஒன்றில் காபி. இரண்டையும் இடம் மாற்ற வேண்டும் என்றால் மூன்றாவதாக ஒரு காலி டம்ளர் வேண்டும். கோமதி, “நான் குடிச்சுட்டா டம்ளர் காலியாயிரும்லா” என்றாள். மோரை அவள் குடித்தாள். காபியை இவர் முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார். இவருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு இருக்கிறது.

அதே பாடத்தை எழுதிப் பார்த்தபோது, காலி டம்ளராக ஒன்றை உண்டாக்கி, ஒரு பெயரை அதில் எடுத்து வைத்துவிட்டு, பிறகு பயன்படுத்த மறந்துபோனேன். கம்ப்யூட்டர் உடனே சொல்லிவிட்டது, இதில் ஒன்றை வைத்திருக்கிறாய், எங்கேயும் பயன்படவில்லை என்று. பயந்துவிட்டேன்.

“இது வார்னிங்தான். எரர் இல்ல. புரோகிராம் ஓடும்” என்றார். “ஆனா ஒழுங்கா எழுதுதவன் வார்னிங்கை விட்டு வைக்க மாட்டான். அழிச்சிரு.”

அழித்தேன்.

ஏப்ரல் 14, வெள்ளி

வருஷப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடி இவருக்கு ஆகாது. ஒரு ஸ்பூன் நாக்கில் தடவிவிட்டேன். சிஸ்டரிடம் சொல்லக் கூடாது.

ஏப்ரல் 20, வியாழன்

மைதீன் சார் ஆஸ்பத்திரிக்கே வந்திருந்தார். பழம் வாங்கி வந்துவிட்டு, பழம் கூடாது என்று தெரிந்ததும் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசிவரை கையிலேயே வைத்திருந்தார். நல்ல மனுஷர்.

மே 27 சனிக்கிழமை நான் அவர் முன்னால் டெமோ வகுப்பு எடுக்க வேண்டும். தலைப்பு அரே. இவரே கேட்டு வாங்கிய தலைப்பு. “அதை நடத்திட்டா மத்ததெல்லாம் அவ நடத்திருவா, பாய்.”

“ஜூன் அஞ்சாம் தேதி பேட்ச் ஆரம்பிக்கணும்மா” என்று சார் என்னிடம் சொன்னார். “பீஸ் கட்டின பிள்ளைய. ஒரு நாள்கூடத் தள்ளிப் போட முடியாது. தப்பா நினைக்காதீங்க.”

நான் ஏன் தப்பாக நினைக்கிறேன். வெளியே வந்து வழியனுப்பும்போது பழப் பையை என் கையில் திணித்துவிட்டுப் போனார். கோமதி ஆப்பிள் தின்றாள்.

ஏப்ரல் 27, வியாழன்

இன்றைக்கு எடை. டயாலிசிஸுக்கு முன்னால் ஒவ்வொருவரையும் தராசில் ஏற்றி எடை சொல்வார்கள். உடம்பில் எவ்வளவு தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று பார்க்க. எட்டுப் பேர் எடையையும் அரேயில் போட்டு, திரையில் வர வைத்தேன். இந்தத் தடவை பூஜ்யத்தை விடவில்லை. ஆனால் மறுகோடியில் ஒன்று கூடுதலாகப் போய்விட்டேன். எட்டுப் பேருக்கு அப்புறம் ஒன்பதாவதாக ஒருவர் வந்து நின்றார். எடை முப்பதாயிரம் கிலோவுக்கு மேல்.

அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். “இது யாரு தாயி, கோயில் யானையா? அதுக்குமா டயாலிசிஸ்?”

சிஸ்டர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். இவர் சிரித்துச் சிரித்து மெஷின் கத்த ஆரம்பித்துவிட்டது.

எட்டோடு நம் இடம் முடிந்துவிட்டதாம். அதைத் தாண்டிப் போனால் சி தடுக்காதாம். அங்கே எவன் விட்டுப்போன குப்பை கிடக்கிறதோ, அதை அள்ளிக்கொண்டு வந்து கொடுக்குமாம். நாம்தான் எல்லை பார்த்து நிற்க வேண்டும். இதை இரண்டு முறை எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.

நிறைய நாளுக்கு அப்புறம் நன்றாக இருந்தது இன்றைக்கு.

மே 2, செவ்வாய்

பிரஷர் இறங்கிவிட்டது. பாதியிலேயே மெஷினை நிறுத்தினார்கள். பாடம் இல்லை.

மே 4, வியாழன்

இனிமேல் நான்தான் டீச்சராம், இவர் மாணவராம். இத்தனை வருஷமாகப் பார்த்த மக்குப் பையன்களை எல்லாம் ஒருவர்பின் ஒருவராக நடித்துக் காட்டுகிறார். எதைச் சொன்னாலும், “மேடம், இது பரிச்சைக்கு வருமா மேடம்?” அப்புறம் இன்னொரு குரலில், “ஏன் மேடம் பூஜ்யம்? எங்க ஊர்ல ஒன்னுல இருந்துதான் எண்ணுவோம்.” நான் பொறுமையாகச் சொன்னேன். மறுபடி அதையே கேட்டார். மறுபடி சொன்னேன். மறுபடியும் கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் வார்டு என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன்.

“போச்சு, வேலை போச்சு” என்றார். “மூணாவது தடவையும் மொத தடவ மாதிரியே சொல்லணும். அதுக்குத்தான் சம்பளம்.”

மே 9, செவ்வாய்

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இதயத்தின் படம் வரைந்து, அது எவ்வளவு பம்ப் செய்ய வேண்டும், இவருக்கு எவ்வளவு செய்கிறது என்று சொன்னார். டாக்டர் நன்றாகப் படம் வரைகிறார். மாற்று சிறுநீரகம் கிடைத்தாலும் ஆப்பரேஷனை உடம்பு தாங்காது என்றும் சொன்னார். என்னுடையது பொருந்தாது என்று பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டார்கள். அதைப்பற்றி எழுத ஒன்றுமில்லை.

இன்றைய பாடம்: அரேயில் பெரிய எண்ணைக் கண்டுபிடிப்பது. முதலில் இருப்பதையே பெரியது என்று கையில் வைத்துக்கொண்டு, அடுத்தடுத்ததோடு ஒப்பிட்டுக்கொண்டே போக வேண்டும். அதைவிடப் பெரியது வந்தால் கையில் இருப்பதை விட்டுவிட்டு அதை எடுத்துக்கொள்ள வேண்டும். சுலபம்.

டாக்டர் என்ன சொன்னார் என்று இவர் கேட்கவே இல்லை.

மே 11, வியாழன்

துணி ஊறப்போட்டிருந்ததை மறந்தேபோனேன். நாற்றம் பிடித்துவிட்டது. கோமதி ஸ்கூல் யூனிஃபாரம் இறுக்கமாகிவிட்டது, புதுசு தைக்க வேண்டும்.

மே 16, செவ்வாய்

மாடசாமி அண்ணாச்சியும் மத்தியான ஷிஃப்டுக்கு மாறிவிட்டார்.

நான் கேட்கவில்லை. சிஸ்டராகவே வந்து சொன்னார். அண்ணாச்சிக்கு மத்தியான வெயில் ஆகவே ஆகாது. காலையில் வெயில் ஏறுமுன்னே வந்து, முடிந்ததும் நிழல் பார்த்து ஆட்டோவில் ஏறுகிறவர். எப்படி ஒத்துக்கொண்டாரோ தெரியவில்லை. அவருடைய இரண்டாவது படுக்கையில் கல்லூரி முடித்த ஒரு பையன் இருக்கிறான். அவன் யாரோடும் பேசவில்லை.

நான் லேப்டாப்பைத் திறக்கும்முன் இவர் வாங்கிக்கொண்டார். ஊசி குத்தாத கையால் மெதுவாகத் தட்டி, அண்ணாச்சி பெயர் இருந்த இடத்தில் அந்தப் பையன் பெயரைப் போட்டார். ஓடவிட்டு, எட்டும் வருகிறதா என்று பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

பிளாஸ்க் மூடியை இன்றைக்குப் பையில் எடுத்துப் போயிருந்தேன். மத்தியான ஷிஃப்ட் ஆரம்பிக்க அரை மணி நேரம்தான் இருந்தது. காத்திருந்து கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். கோமதி பக்கத்து வீட்டில் தனியாக இருப்பாள் என்று வந்துவிட்டேன்.

மே 20, சனி

வரிசைக்கு நடுவில் புதிதாக ஒருவரை நுழைக்க வேண்டுமென்றால், இருக்கிறவர்களை ஒவ்வொருவராகப் பின்னால் நகர்த்த வேண்டும். கடைசி ஆளிடமிருந்து ஆரம்பித்து நகர்த்த வேண்டும். நான் முன்னாலிருந்து ஆரம்பித்துவிட்டேன். முதல் ஆளை இரண்டாவதில் வைத்தேன். இரண்டாவதை மூன்றாவதில். அப்படியே போய்க்கொண்டே இருந்தேன். ஓடவிட்டால் எட்டுப் படுக்கையிலும் இவர்தான் படுத்திருக்கிறார். வெயிலுமுத்து, வெயிலுமுத்து, வெயிலுமுத்து.

“ஒருத்தனைப் பாக்கதுக்கே உனக்கு இடுப்பு ஒடியுது, எட்டுப் பேரா கேக்கு?” என்றார்.

இருக்கட்டுமே. நான் அந்தப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் அழிக்காமல் வைத்திருந்தேன்.

அப்புறம் சண்டை. இதைத் திருத்தி முடிக்கும்முன் அடுத்ததற்குத் தாவினார். தேடுவது எப்படி, வரிசைப்படுத்துவது எப்படி என்று ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டே போனார். மூச்சு வாங்கியது. எதற்கு இவ்வளவு அவசரம், டெமோவுக்கு அரே மட்டும் போதுமே, மற்றதை ஜூனில் சொல்லித் தாருங்கள் என்றேன்.

இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபமாக வந்தது. யாரிடம் கோபம் என்றுதான் தெரியவில்லை. எழுந்து போய் சிஸ்டரிடம் போர்வை கேட்டேன். குளிருகிறது என்று இவர் சொல்லவே இல்லை.

மே 23, செவ்வாய்

வீட்டிலிருந்து நீலப் போர்வையைக் கொண்டுபோனேன். கோமதி பிறந்தபோது வாங்கியது. ஆஸ்பத்திரிப் போர்வை முள்ளாகக் குத்துகிறதாம். கால் இரண்டும் வீங்கியிருக்கிறது. பாடம் கொஞ்சம்தான்.

மே 25, வியாழன்

டயாலிசிஸ் முடிந்து வீட்டுக்கு விடவில்லை. நுரையீரலில் தண்ணீராம். மேல்மாடியில் அட்மிஷன். அவசரத்தில் போர்வையைக் கீழேயே விட்டுவிட்டோம்.

மே 27, சனி

போகமாட்டேன் என்றுதான் சொன்னேன். இவர் மாஸ்க்கைத் தூக்கிவிட்டு, “நீ போவலேன்னா நான் எதுக்கு இத்தனை நாள் கத்தினேன்?” என்றார். இவருடைய அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டுப் போனேன். பஸ்ஸில் வாய்க்குள்ளேயே பாடம் சொல்லிக்கொண்டு போனேன். பக்கத்தில் இருந்த அம்மாள் நகர்ந்து உட்கார்ந்தார்.

மைதீன் சாரும் கணக்கு எழுதும் பெண்ணும் மாணவர்களாக உட்கார்ந்தார்கள். போர்டில் எட்டுக் கட்டம் போட்டேன். அடியில் பூஜ்யத்திலிருந்து ஏழு வரை எழுதினேன். கட்டம் கோணலாக வந்தது.

சார் கேட்டார். “ஏன்மா பூஜ்யத்துல ஆரம்பிக்கணும்?”

“கதவை ஒட்டி இருக்கிற ஆளுகிட்டப் போக நாம யாரைத் தாண்டணும் சார்?”

“யாரையும் தாண்ட வேண்டாம்.”

“அதான் பூஜ்யம்.”

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் மறுபடியும் அதையே கேட்டார். மறுபடி சொன்னேன். மூன்றாவது தடவையும் கேட்டார். அப்போதுதான் தெரிந்தது, இது சாரும் இவரும் சேர்ந்து செய்த ஏற்பாடு என்று. முதல் தடவை சொன்ன மாதிரியே சொன்னேன்.

“வெயிலுமுத்து சொல்லுத மாதிரியே சொல்லுதீங்க” என்றார் சார். வேலை எனக்குத்தான்.

ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தேன். இவர் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

“எந்த எடத்துல தடுமாறின?”

“எங்கயும் இல்ல.”

“பொய்.”

“கட்டம் போடும்போது. கோணலாயிட்டு.”

சிரித்தார். “அடுத்தது ரெண்டு பக்க அரே. குறுக்கயும் நெடுக்கயும் கட்டம் போடணும். வியாழக்கெழம சொல்லித் தாரேன்.”

சரி என்றேன்.

ஜூன் 15, வியாழன்

பதினாறு முடிந்து வீடு கழுவியாகிவிட்டது. வந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். மே 29க்கு எழுத எதுவும் இல்லை. அந்தப் பக்கம் அப்படியே கிடக்கட்டும்.

மைதீன் சார் ஐந்தாம் தேதி பேட்ச்சை ஆரம்பிக்கவில்லை. பத்தொன்பதாம் தேதிக்குத் தள்ளி வைத்திருக்கிறார். பணம் கட்டியவர்களில் ஒருவர்கூடத் திருப்பிக் கேட்கவில்லை என்றார். அது உண்மையா என்று நான் கேட்கவில்லை.

ஜூன் 19, திங்கள்

அவர் அக்கா காலையிலேயே வந்துவிட்டார். “நாப்பத்தொரு நாளாவது கழியட்டும்ளா. நாலு பேரு என்ன சொல்லுவாவ? செத்த வீட்டு வாசல் இன்னும் காயல.”

“உங்க தம்பிதான் போகச் சொன்னாங்க மதினி” என்றேன். மதினி சீப்பை எடுத்துக்கொண்டு கோமதிக்குத் தலை பின்னிவிட உட்கார்ந்துவிட்டார்.

சென்டரில் அவருடைய நாற்காலி ரொம்ப உயரமாக இருந்தது. நான் நின்றுகொண்டே வகுப்பு எடுத்தேன். இன்றைக்கு சும்மா அறிமுகம்தான். ஒரு பையன், “மிஸ், இது பரிச்சைக்கு வருமா?” என்று கேட்டான். அந்தக் குரலேதான். அவர் நடித்துக் காட்டிய அதே குரல். நான் போர்டுப் பக்கம் திரும்பிக்கொண்டு, தேதியை இன்னொரு தடவை எழுதினேன்.

இரண்டு பக்க அரேயைப் புத்தகம் வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். புத்தகக்காரருக்கு மூன்று தடவை சொல்லத் தெரியவில்லை.

ஜூன் 22, வியாழன்

அவருடைய சீட்டுகளை வாங்கிப் போகச் சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். காலை ஷிஃப்ட் நேரம். ஆபீஸ் அறையில் வாங்கிக்கொண்டு நேராக வீட்டுக்கு வந்திருக்கலாம். கால் டயாலிசிஸ் வார்டுக்குப் போய்விட்டது. கதவைத் திறந்தால் முதல் படுக்கைதான். நான் யாரையும் தாண்டவில்லை.

அதில் முப்பது வயதுக்குள் ஒருவர் படுத்திருந்தார். ஸ்டூலில் அவர் மனைவி. அம்பாசமுத்திரமாம். கழுத்தில் மஞ்சள் இன்னும் வெளுக்கவில்லை. மெஷின் சத்தம் போடும்போதெல்லாம் துள்ளி எழுந்தாள். அந்தச் சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம், இன்னொரு விதமாகக் கத்தினால்தான் சிஸ்டரைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். கிழங்கை எப்படி ஊறப்போடுவது என்றும் சொன்னேன்.

அவள் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பையை எடுத்தாள். நீலப் போர்வை. துவைத்து மடித்து வைத்திருந்தாள்.

“அக்கா, இது நாங்க வந்தன்னைக்கு இந்தக் கட்டில்ல கெடந்துச்சு. இதுல யாரு இருந்தாங்க? உங்களுக்குத் தெரியுமா?”

ரெஜினா சிஸ்டர் அடுத்த படுக்கையில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்தார். கை நின்றது. என் பக்கம் திரும்பவில்லை.

அவள் புருஷன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தெரியும். மத்தியான ஷிஃப்டுக்கு மாறிட்டாவ” என்றேன். “குடு, நான் குடுத்துருதேன்.”

படுத்திருந்தவர் தலையைத் தலையணையில் சாய்த்துக்கொண்டார். சிஸ்டர் மறுபடி பிளாஸ்திரி ஒட்ட ஆரம்பித்தார். வரும்போது அந்தப் பெண்ணின் புருஷன் பெயரைக் கேட்டேன். அய்யாத்துரை.

போர்வையில் அவருடைய வாசனை எதுவும் இல்லை. நன்றாகவே துவைத்திருக்கிறாள். அலமாரியில் டீச்சருடைய பிளாஸ்க் மூடிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

ஆள் மாறினால் அன்றைக்கே மாற்றிவிட வேண்டும். சாப்பிட்டதும் லேப்டாப்பைத் திறந்தேன். பக்கத்தில் கோமதி வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தாள். பூஜ்யத்தில் கை வைக்கும்முன் காலி டம்ளர் மாதிரி ஒன்றை உண்டாக்கி, அவர் பெயரை அதில் எடுத்து வைத்தேன். அப்புறம்தான் பூஜ்யத்தில் அய்யாத்துரை என்று போட்டேன்.

கம்ப்யூட்டர் உடனே சொல்லிவிட்டது, இதில் ஒன்றை வைத்திருக்கிறாய், எங்கேயும் பயன்படவில்லை என்று.

“என்னம்மா, தப்பா?” என்று கோமதி எட்டிப் பார்த்தாள்.

“தப்பு இல்ல. வார்னிங்தான்.”

“அப்ப அழிக்கணுமா?”

“வேண்டாம்” என்றேன். ஓடவிட்டேன். எட்டுப் பெயரும் வந்தது.